அந்த மடிக்கணினியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

கேத்தி, எல்லநள்ளி, கேத்தி பாலாடா, அச்சனக்கல், உல்லாடா பக்கத்துப் பள்ளிகளில் படித்து, விலையில்லா மடிக்கணினி வாங்கிய எல்லாருக்கும்,

உங்களில் பலருக்கு நான் கணினி அறிவியல் நடத்தியவன். அன்றைக்கு வா, போ என்று பேசியிருப்பேன். இன்றைக்குச் சிலர் கோவையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கிறீர்கள். சிலர் இங்கேயே கேரட்டும் பூண்டும் தேயிலையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் என்றே எழுதுகிறேன்.

உங்களுக்கு மடிக்கணினி தந்தது, 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசு தொடங்கிய திட்டம். கொரோனா வந்து நின்றுபோகும் வரை ஆண்டுதோறும் பிளஸ் டூ பிள்ளைகள் கைக்குக் கணினி வந்தது. பல வீடுகளில் அதுதான் முதல் கணினி. அதில் பிராஜெக்ட் செய்தீர்கள், படம் பார்த்தீர்கள், வேலைக்கு விண்ணப்பம் போட்டீர்கள். இப்போது அது பரணிலோ பீரோவுக்கு மேலேயோ பையோடு கிடக்கிறது. கல்யாண வீட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் பார்க்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், ஆன் பண்ணினா பத்து நிமிஷம் ஆகுது. விண்டோஸ் டென்னும் முடிஞ்சு போச்சுங்கிறாங்க. எடைக்குப் போட்டுடலாமா?"

போடாதீர்கள். அதில் தேய்ந்து போனது பெரும்பாலும் ஒரே ஓர் உறுப்புதான், ஹார்டு டிஸ்க். அதை மட்டும் மாற்றி, பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸையும் உங்கள் கோப்புகளையும் புது எஸ்.எஸ்.டி.க்கு அப்படியே குடியேற்றிவிட முடியும். வீட்டிலேயே, ஒரு பகல் பொழுதில் முடிகிற வேலை.

முதல் சில வருடங்களில் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி டிஸ்க்கும் இருந்தன. பின்னால் வந்தவற்றில் 4 ஜிபியும் 500 ஜிபியும். எல்லாமே உள்ளே தட்டு சுழல்கிற டிஸ்க். மடிக்கணினி டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு துண்டுத் தகவலை எடுக்க, அதைப் படிக்கிற முனை அந்த இடத்துக்கு நகர்ந்து, தட்டு சுற்றி வருவதற்காகக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் பத்துப் பதினைந்து மில்லி விநாடி. ஒரு பெரிய படத்தைத் தொடர்ச்சியாக ஓட்ட இது தாராளம். விண்டோஸோ எழுந்திருக்கும்போதே ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். கூடவே அப்டேட் ஒரு பக்கம், வைரஸ் காவலன் ஒரு பக்கம். ரேஷன் கடையில் ஒரே ஆள் பில்லும் போட்டு, அரிசியும் அளந்தால் வரிசை எப்படி நிற்குமோ, அதுதான் உள்ளே நடக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் சிவந்து நிற்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. கேட்ட துண்டு ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். வித்தியாசம் முழுக்க இங்கேதான்.

மலை ஏறினால் ஹார்டு டிஸ்க் சீக்கிரம் கெடும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதில் கொஞ்சம் காரணம் இருக்கிறது. படிக்கிற முனை தட்டைத் தொடாது. மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கும். காற்று அடர்த்தி குறைந்தால் மிதப்பதும் குறையும். ஆனால் சாதாரண டிஸ்க்குகளைச் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும்படிதான் செய்கிறார்கள். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஆகவே கேத்திப் பள்ளத்தாக்கின் உயரத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். நம் ஊரில் டிஸ்க்கைக் கெடுப்பது ஈரமும், ஓடிக்கொண்டிருக்கும்போதே மடியிலிருந்து கட்டிலில் போடுகிற பழக்கமும், சொல்லாமல் போகிற மின்சாரமும்தான்.

வேலையைத் தொடங்கும் முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்கிற இலவச நிரல் போதும். ரீஅலோகேட்டட் செக்டார், பென்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. பென்டிங் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனாலோ, உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று தட்டுகிற சத்தம் வந்தாலோ, அந்த டிஸ்க் கடைசிக் காலத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது குடியேற்றத்தை மறந்துவிட்டு, முக்கியமானதை மட்டும் முதலில் வெளியே எடுங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஸ்கேன்கள், அப்பா எழுதி வைத்த பச்சைத் தேயிலைக் கணக்கு, மெமரி கார்டிலிருந்து இறக்கி வைத்த பழைய படங்கள். இப்போது உயிரோடு இல்லாத பாட்டியின் நல்ல படம் அந்த டிஸ்க்கில் மட்டும் இருக்கிற வீடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. கெட்ட இடங்கள் உள்ள டிஸ்க்கைப் பிரதி எடுக்க டிடிரெஸ்க்யூ என்று தனி நிரல் இருக்கிறது. முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கடைசியில்தான் கெட்ட இடங்களை மறுபடி மறுபடி முயலும். அது தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆன் செய்து செய்து பார்த்து இருக்கிற உயிரையும் போக்கிவிட வேண்டாம்.

டிஸ்க் நலமாக இருந்தால், வாங்க வேண்டியவை இரண்டே இரண்டு. இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று, அதை வெளியிலிருந்து யூஎஸ்பியில் மாட்ட ஒரு கேசிங். அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். 320 ஜிபி டிஸ்க் வைத்திருப்பவர்கள் 480 ஜிபி வாங்கலாம். எந்தக் கஷ்டமும் இல்லை. 500 ஜிபிக்காரர்கள் 480 வாங்கிவிட்டால், கொஞ்சம் குறைகிற அந்த இடமே வேலையை இரட்டிப்பாக்கும். 500 அல்லது 512 என்று போட்டதைக் கேட்டு வாங்குங்கள். ஊட்டியில் கிடைக்காவிட்டால் கோவைக்குப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். பில்லும் உத்தரவாதமும் உள்ளதாக இருக்கட்டும். நம்ப முடியாத விலையில் இரண்டு டெரா என்று விற்கிறவற்றில் உள்ளே அவ்வளவு இருப்பதில்லை. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்து அனுப்புகிறார்கள். நிரம்பும்போதுதான் தெரியும், அதற்குள் போட்டதெல்லாம் போயிருக்கும்.

கையில் பணம் குறைவு, 240 ஜிபிதான் முடியும் என்றால் அதுவும் சரியே. ஆனால் பழைய டிஸ்க்கில் உள்ள பார்டிஷன்களை முதலில் சுருக்கி, புதியதற்குள் அடங்கும்படி செய்ய வேண்டும். ஜிபார்ட்டெட் அதற்கு ஏற்ற கருவி. இங்கே ஓர் எச்சரிக்கை, கேத்திக்காரர்களுக்கு என்றே சொல்கிறேன். பிரதி எடுக்கும்போது மின்சாரம் போனால் நஷ்டமில்லை. பழைய டிஸ்க்கைப் படிக்க மட்டுமே செய்கிறோம், மறுபடி தொடங்கினால் போயிற்று. பார்டிஷனைச் சுருக்கும்போது மின்சாரம் போனால் நிலைமை வேறு. அப்போது பழைய டிஸ்க்கிலேயே தகவல் இடம் மாறிக்கொண்டிருக்கும். பாதியில் நின்றால் பாதிக் கோப்புகள் அந்தரத்தில் நிற்கும். உங்கள் மடிக்கணினியின் பேட்டரி செத்து வருடங்கள் ஆகியிருக்கும். ஆடிக் காற்றில் எங்கோ ஒரு மரம் கம்பி மேல் சாய்ந்தால் எல்லநள்ளி வரை இருட்டு. ஆகவே சுருக்குகிற வேலையை மழைக் காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். வைத்துக்கொண்டால் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் செய்யுங்கள்.

விண்டோஸ் 8, 10 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாகத் தூங்குவதில்லை; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் பாதி விழிப்பில் தன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்திருக்கும். அதை அணைத்துவிட்டு, டிஸ்க் சோதனையையும் ஒருமுறை ஓட்டிவிட்டு, பிறகு முழுதாக நிறுத்துங்கள்.

இனி குடியேற்றம். நான் பயன்படுத்துவது குளோன்சில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான கட்டற்ற மென்பொருள்; யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். பென் டிரைவில் எழுதி, அதிலிருந்தே கணினியை எழுப்ப வேண்டும். படங்கள் எதுவும் வராது. எழுத்துப் பட்டியலாகத்தான் கேள்விகள் வரும். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு என்பதைத் தேர்ந்தெடுத்தால், எது மூலம் என்று கேட்கும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு பெயர்கள் வரும். இந்த இடத்தில் நிதானியுங்கள். பெயரை நம்பாதீர்கள், பக்கத்தில் போட்டிருக்கும் கொள்ளளவையும் கம்பெனி பெயரையும் படித்து, எது பழையது, எது புதியது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருப்பிப் போட்டால் வெறும் டிஸ்க் உங்கள் டிஸ்க்கின் மேல் பிரதியாகும். பத்து வருட வாழ்க்கை நிமிடங்களில் காலி. குளோன்சில்லாவுக்கும் இது தெரியும். எழுதும் முன் நிச்சயமா என்று கேட்கும். ஒய் என்று அடித்தால், மறுபடியும் கேட்கிறேன் என்று இன்னொரு முறை கேட்கும். அந்த இரண்டாவது கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். அவசரத்தில் தட்டாமல், திரையில் உள்ள பெயர்களைத் திரும்பப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். சின்ன டிஸ்க்குக்குப் போகிறவர்கள் எக்ஸ்பர்ட் முறையில் நுழைந்து, சேரும் டிஸ்க்கின் அளவைச் சோதிக்காதே என்ற தேர்வையும், பார்டிஷன்களை விகிதப்படி அமை என்ற தேர்வையும் வைக்க வேண்டும்.

கேசிங்கை நீலநிற யூஎஸ்பி துளையில் சொருகுங்கள். அது யூஎஸ்பி 3. கறுப்பில் சொருகினால் விநாடிக்கு முப்பது எம்பி போனாலே பெரிது. 100 ஜிபி நகர ஒரு மணி நேரம் போய்விடும். நீலம் இல்லாத பழைய மாடல் என்றால் பொறுமைதான் வழி. தோட்டத்துக்குப் போய்விட்டு வாருங்கள்.

முடிந்ததும் கணினியை நிறுத்தி, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பழைய டிஸ்க்கை வெளியே எடுத்து, அந்த இடத்தில் புதியதை வையுங்கள். இரண்டையும் ஒன்றாக மாட்டி வைத்து முதல்முறை எழுப்பாதீர்கள். இரண்டுக்கும் இப்போது ஒரே அடையாள எண்; எது தன் வீடு என்று விண்டோஸ் குழம்பி, ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். டிஸ்க்கைக் காணோம் என்று திரை சொன்னால் பதறாமல் எஃப்2 அழுத்தி உள்ளே போய், முன்பு யூஇஎஃப்ஐயா, லெகசியா என்று எந்த முறையில் இருந்ததோ அதே முறைக்கு மாற்றுங்கள். புது டிஸ்க் போட்டால் விண்டோஸ் உரிமம் போய்விடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கணினியோடு வந்த உரிமம் மதர்போர்டோடு கட்டுண்டது, டிஸ்க்கோடு அல்ல.

கணினியைத் திறந்து உள்ளே கை வைக்கும் முன் கவனிக்க வேண்டிய ஸ்வெட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மார்கழி, தை மாதங்களில் இரவு உறைபனி, பகலில் வறண்ட வெயில். கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கீழே சமவெளியில் வியர்வையோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதே கையால் எஸ்.எஸ்.டி.யின் பின்களையோ ரேமையோ தொட்டால், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சிப் செத்துப்போகலாம். கம்பளியைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயின் இரும்பையோ ஜன்னல் கம்பியையோ ஒருமுறை தொட்டுவிட்டு வேலையில் இறங்குங்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவந்த கணினியைக் கணப்புப் பக்கத்தில் வைத்து உடனே ஆன் செய்யவும் கூடாது. உள்ளே நீர் பூத்திருக்கும். ஒரு மணி நேரம் விடுங்கள்.

இப்போது பெரிய கேள்வி. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றே ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும், ஏறத்தாழ 2018க்குப் பிறகான பிராசஸரும் வேண்டும். நம் கணினிகள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது. அப்படியானால் காலாவதியான ஒன்றைப் புது டிஸ்க்குக்கு எதற்காக மாற்ற வேண்டும்?

முதலில் எதையும் இழக்காமல் இருக்க. என் பிடிவாதமான கருத்து இது. கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலான இடங்களில் ஃபார்மட் அடித்துப் புதிதாக ஓ.எஸ். போட்டுத் தந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அது சீக்கிரம் முடிகிற வேலை. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்து வைப்பார்கள். அதற்கு வெளியே நீங்கள் எங்கெங்கே என்ன வைத்தீர்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எழுத்துருக்களை யாரும் நினைப்பதே இல்லை. 2012, 2013இல் நீங்களும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் தமிழில் தட்டச்சு செய்தது வானவில்லிலும் பாமினியிலும். அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுத்தது. புது விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லை. கோப்பு திறக்கும், ஆனால் ஊர்க் கோயில் கணக்கு முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். முழு டிஸ்க்கையும் பிரதி எடுத்தால் எழுத்துருவும் கூடவே வந்துவிடும். அதற்குப் பிறகு நிதானமாக என்எச்எம் கன்வெர்ட்டர் கொண்டு அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

குடியேறிய பிறகு, அதே எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி லினக்ஸ் போடுங்கள். 4 ஜிபி ரேமுக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாக ஓடும். 2 ஜிபி இருந்தால் முதலில் ரேமைக் கூட்டப் பாருங்கள். இணையம், வங்கி, மின்னஞ்சல் எல்லாம் லினக்ஸில். பழைய நிரல் ஏதாவது வேண்டும்போது மட்டும் இணையத்தைத் துண்டித்துவிட்டு விண்டோஸ். உங்களுக்கு இது புதிதில்லை. அந்தக் கணினிகள் வந்தபோதே விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னையில் உருவாக்கியது. இடம் போதவில்லை என்று உங்களில் பலர் முதல் மாதத்திலேயே அதை அழித்தீர்கள். அப்போது அதற்கு ஒரு தேவை இருப்பதாகத் தோன்றவில்லை. இப்போது இருக்கிறது. கூடலூரைத் தாண்டினால் வயநாடு. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். நம் மாநில அரசின் எல்காட் நிறுவனமே உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் லினக்ஸுக்கு மாறியது. தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள 2012இல் தொடங்கிய கணியம் இதழ் இருக்கிறது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறது. நம் பள்ளத்தாக்கில் அப்படி ஒன்று ஏன் இருக்கக்கூடாது? ஊசித் தொழிற்சாலையில் நுணுக்கமான வேலை பழகிய கைகள் உள்ள ஊர் இது. பொறியியல் கல்லூரியும் இங்கேயே இருக்கிறது.

அதனால் என் வேண்டுகோளில் பாதி, கணினி படித்து வெளியூரில் இருப்பவர்களுக்கு. ஹெத்தை அம்மன் பண்டிகைக்கு எப்படியும் எல்லாரும் ஊருக்கு வருகிறீர்கள். வரும்போது ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட்டும், குளோன்சில்லாவும் மின்ட்டும் ஏற்றிய பென் டிரைவும், ஒரு கேசிங்கும் கொண்டு வாருங்கள். அந்த நாட்களில் மழையும் ஓய்ந்திருக்கும், மின்சாரமும் ஓரளவு நிலையாக இருக்கும். உங்கள் ஊர் ஹட்டியில் எத்தனை வீட்டில் இந்தக் கணினி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால், எத்தனை எஸ்.எஸ்.டி. வேண்டும் என்று தெரியும். கோவையில் மொத்தமாக வாங்கலாம். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஸ்க்ரூவை அவர்களே கழற்றட்டும்.

பழைய டிஸ்க்கை உடனே யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு மாதமாவது புதியதில் வேலை செய்து, எல்லாக் கோப்பும் திறக்கிறதா, படங்கள் எல்லாம் வந்தனவா என்று பாருங்கள். நலமாக இருக்கும் டிஸ்க்கை அதே கேசிங்கில் போட்டு, காப்புப் பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். பரணில் எடுத்து வைக்க எஸ்.எஸ்.டி.யை விட அதுவே மேல். எஸ்.எஸ்.டி.யில் தகவல் மின்னேற்றமாகத்தான் நிற்கிறது. வருடக்கணக்காக மின்சாரமே காட்டாமல் போட்டு வைத்தால் அந்தத் தகவலை நம்ப முடியாது. பழையதை விடத்தான் போகிறீர்கள் என்றால், ஃபார்மட் அடித்தது போதும் என்று நினைக்காதீர்கள். வழக்கமாக அடிக்கிற குவிக் ஃபார்மட் பட்டியலைத்தான் அழிக்கிறது, உங்கள் ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் உள்ளேயே இருக்கும். என்வைப் என்ற நிரலால் முழுக்க எழுதி அழித்துவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் சேருங்கள். சோலைக்குள்ளும் ஓடைக்குள்ளும் போக வேண்டிய பொருள் அல்ல அது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் வீட்டில்தான் இருப்பேன். கணினியோடு சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் பின் வேறு வேறு. பாஸ்வேர்டு தெரிந்தவரே கூட வந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் பழைய கணினி ஆசிரியர்,
கேத்தி